மழைக்கு வழிவிடாத மதில்

தீவும் திட்டமும் – 7

மன்னார்த் தீவைக் கடலிடமிருந்து காக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தால் உடனே கேட்கப்படுவது கருங்கல் அணைதான். கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. 1987இல் பேரலைகள் மாலைதீவின் மாலே நகரத்துக்குள் புகுந்த பிறகு, ஜப்பானிய உதவியோடு நாற்கால் கொங்கிறீற்றுக் கட்டிகளால் அங்கே அணை எழுப்பினார்கள். 2004 சுனாமியில் அது சேதத்தைப் பெரிதும் குறைத்தது. உப்புக்குளத்தின் சிக்கல் வேறு. மன்னார் நகரின் இந்தத் தாழ்ந்த மீனவக் குடியிருப்பிலும், சாந்திபுரம், ஜிம்ரோன்நகர் பக்கங்களிலும் மாரியில் முற்றங்களில் தேங்கி நிற்பது பெரும்பாலும் மழைவெள்ளம். அது கடலுக்குப் போக வழி தேடி நிற்கிறது. அதன் முன்னால் வரம்பு கட்டினால் வெள்ளம் வீட்டுப் பக்கமே நிற்கும்.

ஏறக்குறைய 130 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இந்த மணல் தட்டில் நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள உயர வேறுபாடு மிகச் சிறிது. பெருக்குக்கும் வற்றுக்கும் இடையிலான வித்தியாசமும் ஒரு மீற்றருக்குக் குறைவு. வாய்க்கால் நீர் தானாக இறங்குவதற்கு வற்று நேரம்தான் கிடைக்கிறது. வாடைக்காற்று கடலை வடகரை நோக்கித் தள்ளி ஏற்றும் நாட்களில் அந்த நேரமும் குறுகும், மழையும் அப்போதுதான். உலகக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை சுமார் 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. 2006க்குப் பிந்திய வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர். மலைநாட்டில் இது பொருட்டே அல்ல. இங்கே வாய்க்காலின் சரிவையே தின்றுவிடும் கணக்கு. ஆகவே முதலில் செலவழிக்க வேண்டியது மதகுகளுக்கும், கடல்நீர் திரும்பி ஏறாமல் தானே மூடிக்கொள்ளும் கதவுகளுக்கும், தெருக்களின் மட்டத்துக்கும். தென்கரையில் 2020இல் தொடங்கிய 103.5 மெகாவாற் தம்பபவனி காற்றாலைத் திட்டத்தின் 30 கோபுரங்களைப் பற்றி மக்கள் சொல்லும் முக்கியக் குறைகளில் ஒன்று, அதன் வீதிகள் மழைநீரை மறிக்கின்றன என்பது. 2025 ஓகஸ்டில் புதிய கோபுரங்களுக்கு எதிராக மன்னார் திரண்டபோதும் இதைச் சொன்னார்கள். காலநிலையைக் காக்க வந்த திட்டமானாலும், போதிய மதகில்லாத வீதி அணைக்கட்டுத்தான்.

ஆனால் நீரையெல்லாம் விரைவாகக் கடலுக்கு ஓட்டிவிட்டால் கிணறு என்னாகும் என்று ஒருவர் கேட்கலாம். வலுவான கேள்வி, அணைக்காரர்களின் வாதத்தைவிட என்னைத் தயங்க வைப்பது இதுதான். மணலுக்குள் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழம்வரை உவர் தள்ளி நிற்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. அந்த ஒரு மீற்றரில் பாதியை வாய்க்கால் வழியே இழந்தால் கீழேயும் பாதி போகும். எனவே குடியிருப்பின் நீரை வெளியேற்றி, மணல்மேடுகளிலும் பனங்காணிகளிலும் விழும் நீரை அங்கேயே சுவற விட வேண்டும். மேடுகளைத் தோண்டி இல்மனைற் என்ற கனிமத்தை எடுக்கும் யோசனையை இந்தக் கணக்கோடு பொருத்திப் பார்ப்பது நல்லது.

புயல் வந்தால்? 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்து, தலைமன்னாரையும் தாக்கிய கடலை எந்த மதகும் தடுக்காது. உண்மைதான், ஆனால் நகர சபையும் அரசும் கட்டக்கூடிய உயரத்துக்கு எழும் அணையும் தடுக்காது. அந்த நாளுக்கு வேண்டியவை முன்னெச்சரிக்கை, உயர்ந்த அடித்தளத்தில் இரண்டு மாடிப் பாடசாலைகள், அங்கே போய்ச் சேரும் வீதி. அன்றாட அலைக்கோ அணையைவிட மென்மையான வழிகள் உண்டு. தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள வான்தீவு, சுண்ணாம்புக்காகப் பவளப்பாறை வெட்டப்பட்டுக் காப்பிழந்து, 2015 அளவில் ஏறக்குறைய 2 ஹெக்டேராகச் சுருங்கியிருந்தது. சென்னை ஐஐடி வடிவமைத்த துளையிட்ட கொங்கிறீற்றுச் செயற்கைப் பாறைகளைக் கரைக்கு முன்னால் கடலுக்குள் இறக்கினார்கள். அலை வலுவிழந்து மணல் தங்கத் தொடங்கியது, மீனும் கூடியது. எதிர்மாறான பாடம் புதுச்சேரி: 1980களின் கடைசியில் கட்டிய துறைமுக அலைதடுப்புகள் மணலோட்டத்தை மறித்து, வடக்கே நகரின் கடற்கரையையே இல்லாமலாக்கின. படகை மணலில் இழுத்து ஏற்றும் ஊருக்கு அப்படியொரு கரை எதற்கு?

மிஞ்சுவது நிர்வாகத்தின் தடை. கரை ஒரு திணைக்களத்திடம், வீதி இன்னோர் அதிகார சபையிடம், வடிகால் நகர சபையிடம், காற்றாலை மின்துறையிடம். மதகின் அடிமட்டத்தை ஒவ்வொருவரும் தத்தம் வேலைக்கேற்ப வைத்தால் நீர் எங்கும் இறங்காது. தீவு முழுவதற்கும் ஒரே மட்ட அளவீட்டு வரைபடம் தயாரித்து, இனி எந்த வீதிக்கும் கோபுரத்துக்கும் அதன்படியே அனுமதி என்று விதித்தால், ஓர் அணையின் விலையில் சிறு பங்குகூட ஆகாது.