மரத்தில் ஒரு கதவு

பெரியகல்லாற்றிலே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல்நிலத்தில், யான் படிப்பிக்கும் பள்ளிக்கூட முற்றத்தில் முதிய வேம்பொன்று நிற்கின்றது. 1978 நவம்பர் 23 ஆம் நாட் சூறாவளிக்கும், 2004 டிசம்பர் 26 ஆம் நாட் கடற்கோளுக்கும் சாயாத மரம் அது. அண்மையில் ஒருநாட் காலை அதன் அடியில், நான்கு விரற்கடை உயரமான பலகைக் கதவொன்று ஆணியால் அறையப்பட்டிருக்கக் கண்டேன். பிடிக்கு ஒரு குன்றிமணி. வாசலுக்கு இரண்டு சிப்பி.

செய்தவள் ஐந்தாம் வகுப்புச் சிறுமி. மேனாட்டுப் பூங்காக்களில் மரங்களுக்கு இவ்வாறு கதவு வைக்கின்றனர் என்பதைக் கைத்தொலைபேசிப் படத்திற் கண்டாளாம்.

உண்மைதான். மேனாட்டார் கதைகளில் மரப்பொந்துகளில் வாழும் குறுமக்கள் உளர். நம் முன்னோர் குறளி என்றதற்கு உறவினர் எனலாம். இலண்டன் கென்சிங்டன் பூங்காவிலுள்ள ஓக்கு மரத்தின் அடிக்கட்டையொன்றில் ஐவர் இன்னெஸ் என்னும் சிற்பி 1928 முதல் 1930 வரை அவர்தம் உருவங்களைச் செதுக்கினார். அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரிற் கடைச் சுவர்களிலும் 2005 முதல் அவர்க்குக் கதவுகள் தோன்றின. இங்கிலாந்தின் வேஃபோர்ட் சோலையிலோ கதவுகள் அளவிறந்து பெருகவே, 2015 இல் அதன் காப்பாளர் வரம்பு கட்ட முனைந்தனர்.

மரத்துள் ஒருவர் உறைதல் நமக்குப் புதிதன்று. சிவனை ஆலமர் செல்வன் என்றும், முருகனைக் கடம்பன் என்றும் வழங்கிற்றுத் தமிழ். புறநானூற்றின் 199 ஆம் பாட்டிற் பெரும்பதுமனார் காட்டும் ஆலமரமும் கடவுள் உறைவதே. நேற்று அதன் பழம் உண்ட பறவைகள் இன்றும் அங்கே வருகின்றன. வாவிக்கு அப்பால், படுவான்கரையிலே, கொக்கட்டி மரத்தை வெட்டியபோது குருதி பெருகிற்று என்றும், அவ்விடத்தே தான்தோன்றீசர் வெளிப்பட்டார் என்றும் கொக்கட்டிச்சோலைக் கோயில்பற்றிய கர்ணபரம்பரைக் கதை கூறும்.

"ஏன் மகள், இந்த வேம்பிலே கதவு வைத்தாய்?" என்றேன்.

"மரத்தைத் தறிக்கப் போறாங்களாம் சேர். உள்ளுக்கு ஆள் இருக்கெண்டா தறிக்கமாட்டாங்கதானே?"

யான் நாணினேன். கிளைகள் மின்கம்பியில் உரசுவதால் வேம்பைத் தறிப்பதென்று ஆசிரியர் கூட்டத்தில் முடிவானபோது வாய் திறவாதிருந்தவன் யான். புறநானூற்றைப் பல்லாண்டு படிப்பித்த நாவுக்கு அன்று ஒரு சொல் எழவில்லை. சூலம் நட்ட மரத்தைத் தொட எவரும் அஞ்சுவர். சூலம் இல்லாத மரத்துக்குப் பரிந்து பேச ஒருவர் வேண்டும். அப்பணியை ஒரு சிறுமி பலகைத் துண்டு கொண்டு செய்துவிட்டாள்.

ஒன்று மட்டும் திருத்தினேன். ஆணி மரத்துக்குப் புண். அதைப் பிடுங்கிவிட்டு, கோயில் மரத்துக்குப் பட்டுக் கட்டுவதுபோலக் கதவைத் தும்புக்கயிற்றால் இருவரும் கட்டினோம். பின் அதிபரிடம் சென்று, கூட்டத்திற் சொல்லாததைச் சொன்னேன். உரசும் இரு கிளைகளை மட்டும் கழிக்க அவர் இசைந்தார்.

கதவு இன்னும் அங்கே உளது. காலையில் அவ்வழி செல்லும் ஆசிரியர் சிலர் சற்றே நின்று குனிந்து பார்க்கின்றனர். யானும் பார்க்கின்றேன்.