முதல் போட்டியே கடைசிப் போட்டி: மலையகப் பாடசாலை அணிகளுக்கு ரசிகர்கள் எங்கே?

ஒரு தோட்டப் பாடசாலையின் கரப்பந்தாட்ட அணி வலயமட்டப் போட்டிக்குப் போகும் நாளை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையிலேயே பிள்ளைகள் லயத்திலிருந்து இறங்கி பாதைக்கு வந்துவிடுவார்கள். ஆசிரியர்கள் காசு சேர்த்துப் பிடித்த வேனில் ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ பயணம். மைதானத்தில் தங்கள் முறை வரும்வரை காத்திருப்பு. பிறகு, நகரத்துப் பெரிய பாடசாலை ஒன்றுடன் விளையாடி இரண்டு செட்டிலும் தோல்வி. பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அடுத்த போட்டி அடுத்த வருடம்தான்.

அந்தப் போட்டியைப் பார்க்க அம்மா வரவில்லை, அவர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். வகுப்புத் தோழர்களும் வரவில்லை, அவர்களுக்கு அன்று பாடசாலை. அணி தோற்ற செய்தி பின்னேரம் லயத்துக்கு வரும்போது "அப்படியா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

மலையகத்தில் விளையாட்டு பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாகத் திறமை, வசதி, பயிற்றுநர் ஆகிய மூன்றைப் பற்றித்தான் பேசுகிறோம். ரசிகர்களைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால், ஒரு சிறிய பாடசாலையின் அணி வருடா வருடம் உயிரோடு இருப்பதற்கு, அதைப் பார்க்க யாராவது வருகிறார்களா என்பதும் ஒரு காரணம். இதைப் புரிந்துகொள்ள, சிறிய கல்லூரிகளின் விளையாட்டைச் சுற்றி ரசிகர் கூட்டம் எப்படி உருவாகிறது என்பதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம் ஒன்றைப் பார்ப்போம்.

பத்தாவது புள்ளி வரை மௌனம்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் அப்லண்ட் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. அங்குள்ள டெய்லர் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 2000 மாணவர்களே படிக்கிறார்கள். ஒவ்வொரு டிசம்பரிலும், தவணைப் பரீட்சைக்கு முந்திய வெள்ளிக்கிழமை, அவர்களுடைய ஆண்கள் கூடைப்பந்தாட்ட அணி சொந்த அரங்கில் விளையாடும். மாணவர்கள் இரவு உடுப்புடனும் வேடிக்கையான வேடங்களுடனும் வந்து அரங்கை நிரப்புவார்கள். ஆட்டம் தொடங்கியும் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். பந்து தரையில் படும் சத்தமும் சப்பாத்துகளின் சத்தமும் மட்டும்தான் கேட்கும். தங்கள் அணி பத்தாவது புள்ளியை எடுத்த கணத்தில் முழு அரங்கும் வெடித்துக் கிளம்பும்.

ஆர்கன்சோ மாநிலத்தின் ஜோன் பிரவுன் பல்கலைக்கழகத்தில் இதற்கு வேறொரு வடிவம் உண்டு. பருவத்தின் முதலாவது சொந்த மைதானப் போட்டியில், தங்கள் அணி முதல் கூடையைப் போட்டவுடன் ரசிகர்கள் கழிப்பறைக் காகிதச் சுருள்களை ஆடுகளத்துக்குள் எறிவார்கள். விதிப்படி அது குற்றம். நடுவர் தண்டனை கொடுப்பார், தண்டனை வரும் என்று தெரிந்தேதான் எறிகிறார்கள்.

இவை இரண்டுமே பிரபலமான பெரிய கல்லூரிகள் அல்ல. இரண்டு சடங்குகளும் இறுதிப் போட்டிக்கானவை அல்ல என்பதும் கவனிக்கத்தக்கது. அவை பருவத்தின் ஆரம்பத்துக்கானவை. யார் வெல்லப்போகிறார்கள் என்று இன்னும் தெரியாத, எல்லோருடைய கணக்கும் ஏறக்குறைய வெறுமையாக இருக்கிற நாட்களுக்கானவை.

ஆரம்பப் போட்டிகள் ஏன் முக்கியம்?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் முக்கிய அமைப்பான என்.சி.ஏ.ஏ., 1973 இல் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாகப் பிரித்தது. தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது முதலாம் பிரிவு. மூன்றாம் பிரிவில் 400 க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் கொடுக்க அனுமதி இல்லை. விளையாடுகிறவர்கள் மற்ற மாணவர்களைப் போலவே படிக்க வந்தவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் பட்டம் பெற்றதும் விளையாட்டை விட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார்கள்.

பருவம் நவம்பரில் தொடங்குகிறது. முதல் இரண்டு மாதங்களில் பெரும்பாலும் தங்கள் குழுவுக்கு வெளியே உள்ள கல்லூரிகளுடன் விளையாடுகிறார்கள். ஜனவரி, பெப்ரவரியில் தங்கள் குழுவுக்குள் மோதுகிறார்கள். மார்ச்சில் 64 அணிகள் கொண்ட தேசியச் சுற்று. குழுச் சம்பியன்கள் நேரடியாகத் தகுதி பெறுவார்கள். மீதி இடங்களுக்கு, பருவம் முழுவதும் யாருடன் விளையாடினார்கள், எப்படி விளையாடினார்கள் என்பது கணக்கில் எடுக்கப்படும். அதனால் நவம்பரில் கிடைத்த ஒரு வெற்றி மார்ச்சில் கை கொடுக்கலாம். நவம்பரில் வந்த தோல்வியைச் சரிசெய்யவும் நேரம் இருக்கிறது.

ரசிகர் உருவாவது இந்த நேர இடைவெளியில்தான். முதல் போட்டியில் தடுமாறிய புதுமுக மாணவன் ஐந்தாவது போட்டியில் எப்படி விளையாடுகிறான் என்று பார்க்க ஆட்கள் மறுபடி வருகிறார்கள். பெற்றோர், பேராசிரியர், ஊர்க் கடைக்காரர் என்று ஒரு சிறு கூட்டம் சேர்கிறது. தூரத்தில் இருக்கும் பழைய மாணவர்கள் நேரலையில் பார்க்கிறார்கள்.

சில சமயம் அந்தச் சிறிய அரங்கிலேயே பெரிய விஷயமும் நடக்கும். 2012 நவம்பர் 20 ஆம் திகதி அயோவா மாநிலத்தின் கிரினெல் கல்லூரி என்ற மூன்றாம் பிரிவுக் கல்லூரியின் வீரர் ஜாக் டெய்லர், ஒரே போட்டியில் 138 புள்ளிகள் எடுத்தார். அது என்.சி.ஏ.ஏ. சாதனை. பருவம் தொடங்கி அப்போதுதான் சில நாட்கள் ஆகியிருந்தன. வில்லியம்ஸ் கல்லூரி என்ற இன்னொரு மூன்றாம் பிரிவுக் கல்லூரியில் முதல் வருடம் விளையாடிய டங்கன் ரொபின்சன், பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு மாறி, 2020 இல் என்.பி.ஏ. இறுதித் தொடரிலேயே விளையாடினார். இவை விதிவிலக்குகள்தான். ஆனால், அந்த விதிவிலக்குகள் வெளிப்படுவதற்கு முதலில் ஒரு பருவம் இருந்தது.

நம்மிடமும் இருக்கிறது, ஆனால் யாரிடம்?

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. கொழும்பு றோயல், சென். தோமஸ் கல்லூரிகளின் கிரிக்கெட் சமர் 1879 இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் வடக்கின் பெரும் சமர் 1904 முதல் நடக்கிறது. நமது மத்திய மாகாணத்திலேயே, கண்டி திரித்துவக் கல்லூரியும் கொழும்பு றோயலும் 1945 முதல் பிரட்பி கேடயத்துக்காக றக்பி விளையாடுகின்றன. அதில் ஒரு போட்டி கண்டியில், மற்றது கொழும்பில். ஒன்றில் தோற்றாலும் இன்னொன்று உண்டு. பேத்தியும் பேரனும் தாத்தாவின் கல்லூரிக் கொடியைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

தேயிலைத் தோட்டத்துக்குத் தொழிலாளியாக வந்த ஒருவரின் பேரனான முத்தையா முரளிதரனும் கட்டுகஸ்தோட்டை சென். அன்ரனீஸ் கல்லூரியில் விளையாடித்தான் 800 டெஸ்ட் விக்கெட்டுகளை நோக்கிப் போனார். அங்கே வருடாவருடம் பருவமும் இருந்தது, பார்க்க ஆட்களும் இருந்தார்கள்.

தோட்டப் பாடசாலைகளின் கதை வேறு. அவை நீண்ட காலம் தோட்ட நிர்வாகங்களின் கையில் இருந்து, 1970 களின் பின்னரே படிப்படியாக அரசின் கீழ் வந்தன. இன்றும் அவற்றில் பல ஐந்தாம் தரத்துடனோ பதினோராம் தரத்துடனோ நின்றுவிடுகின்றன. உயர்தரம் படிக்கும் வயதில், அதாவது உடம்பும் ஆட்டமும் தேறுகிற வயதில், பிள்ளை ஹட்டனுக்கோ தலவாக்கலைக்கோ நுவரெலியாவுக்கோ போய்விடுகிறது. பழைய மாணவர் சங்கம் என்று பலமாக எதுவும் பின்னால் நிற்பதில்லை.

சரிவில் ஒரு சமதரை

கூடைப்பந்தாட்டத்தை ஜேம்ஸ் நைஸ்மித் 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், குளிர்காலத்தில் மாணவர்களை உள்ளே வைத்து விளையாட வைப்பதற்காக உருவாக்கினார். நான்கு வருடம் கழித்து, 1895 இல், அதே வை.எம்.சி.ஏ. வட்டாரத்திலிருந்து கரப்பந்தாட்டமும் வந்தது. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகள் போல. ஆனால், மலையகத்தில் ஒன்று மட்டும்தான் தோட்டத்துக்குள் குடியேறியது.

காரணம் தரைதான். கரப்பந்தாட்டக் களம் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். மண் தரை போதும். இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து. கூடைப்பந்தாட்டக் களம் 28 மீற்றருக்கு 15 மீற்றர், அதாவது இரண்டரை மடங்குக்கும் மேலான பரப்பு. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓட வேண்டியிருப்பதால் கொங்கிரீட் போன்ற கடினத் தரை தேவை. 3.05 மீற்றர் உயரத்தில் வளையம் பொருத்திய உறுதியான தூண்கள் இரண்டு பக்கமும் தேவை. சரிவுகளால் ஆன நிலத்தில் அவ்வளவு சமதரை கிடைப்பது கடினம். கிடைத்தாலும், மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவமழையில் கூரையில்லாத களம் பாசி பிடித்து வழுக்கும். எனவே கூடைப்பந்தாட்டம் நகரத்துப் பாடசாலைகளோடு நின்றுவிட, 1991 இல் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்ட கரப்பந்தாட்டம் தோட்டத்தின் விளையாட்டானது.

தோட்ட மக்களுக்கு விளையாட்டுப் பார்க்கும் பழக்கம் இல்லை என்று யாராவது சொன்னால், தைப்பொங்கலுக்கோ சித்திரைப் புத்தாண்டுக்கோ ஒரு தோட்டத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் மென்பந்து கிரிக்கெட்டோ கரப்பந்தோ நடந்தால், பாட்டி முதல் கைப்பிள்ளை வரை தேயிலைச் செடிகளுக்கு மேலே உள்ள பாதையில் நின்று பார்ப்பார்கள். யாருடைய மகன் நன்றாக அடிக்கிறான் என்று அடுத்த பண்டிகை வரை பேசுவார்கள். ரசிகர்கள் இருக்கிறார்கள். பாடசாலைப் போட்டிக்குத்தான் அவர்கள் வருவதில்லை.

ஏன் வருவதில்லை?

முதல் காரணம் நாள். பாடசாலைப் போட்டிகள் பெரும்பாலும் வேலை நாட்களில் நடக்கின்றன. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாவாகவும், 2024 இல் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. தொகை கூடினாலும் முறை மாறவில்லை. வேலைக்குப் போன நாளுக்குத்தான் சம்பளம். மகனின் ஆட்டத்தைப் பார்க்கப் போகிற தாய் ஒரு நாள் சம்பளத்தையும் பஸ் காசையும் இழக்கிறார்.

இரண்டாவது காரணம் இடம். போட்டி எப்போதும் நகரத்து மைதானத்தில்தான். சிறிய பாடசாலையின் சொந்த முற்றத்தில் வெளிப் பாடசாலை ஒன்று வந்து விளையாடுவது அபூர்வம்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது, ஆனால் அதிகம் பேசப்படாதது. அது போட்டியின் அமைப்பு. வலயம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாக மேலே போகும் இந்த முறை, சிறந்த அணியைத் தேர்ந்தெடுப்பதற்காக உருவாக்கப்பட்டது. அந்த வேலையை அது செய்கிறது. ஆனால், தோற்றால் வெளியே என்ற முறையில் நடக்கும்போது மற்ற எல்லா அணிகளையும் அது வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

ஒரு சிறு கணக்கு. 16 பாடசாலைகள் தோற்றால் வெளியே என்ற முறையில் மோதினால் மொத்தம் 15 போட்டிகள். அவற்றில் எட்டுப் பாடசாலைகள் ஒரே ஒரு போட்டியுடன் வருடத்தை முடித்துக்கொள்ளும். 6 பாடசாலைகள் ஒவ்வொன்றும் மற்ற எல்லோருடனும் ஒருமுறை மோதினாலும் அதே 15 போட்டிகள்தான். ஆனால், அங்கே கடைசி இடத்துக்கு வரும் பாடசாலை கூட ஐந்து போட்டிகள் விளையாடியிருக்கும். ஐந்து போட்டி என்றால் ஐந்து கிழமை பேச்சு, ஐந்து கிழமை பயிற்சிக்கு ஒரு நோக்கம். முதல் போட்டியில் பிழை விட்ட பிள்ளைக்கு நான்கு முறை திருத்திக்கொள்ள வாய்ப்பு.

செய்யக்கூடியது

நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த என ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன. வலயம் முழுவதையும் ஒரேயடியாக மாற்றத் தேவையில்லை. ஒரே பஸ் பாதையில் உள்ள நான்கு பாடசாலைகள் சேர்ந்தால் போதும். ஒருவர் முற்றத்தில் ஒருமுறை, மற்றவர் முற்றத்தில் ஒருமுறை என்று விளையாடினால் மொத்தம் 12 போட்டிகள். ஒவ்வொரு பாடசாலைக்கும் ஆறு, அதில் மூன்று சொந்த முற்றத்தில். பெருமழைக்கு முந்திய மாதங்களில், ஞாயிறு பின்னேரங்களில் நடத்தினால் தாய் தகப்பனுக்குச் சம்பளம் போகாது. உத்தியோகபூர்வ வலயப் போட்டி அதன்பாட்டில் நடக்கட்டும். அதற்குப் போகும் அணி ஆறு போட்டிகள் விளையாடிய அணியாகப் போகும்.

தடைகள் இல்லை என்றில்லை. ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு, பெரியவர்களுக்குக் கோயிலும் வீட்டு வேலையும் இருக்கும். விளையாடினால் பரீட்சை கெட்டுவிடும் என்ற பயம் பெற்றோரிடமும் அதிபர்களிடமும் உண்டு. படிப்பே லயத்திலிருந்து வெளியேறும் வழி என்று நம்பும் சமூகத்தில் அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆசிரியர்கள் ஏற்கனவே தங்கள் பையிலிருந்து செலவழிக்கிறார்கள். பெண் பிள்ளைகளின் வலைப்பந்தாட்டம் இதிலும் பின்னுக்குத் தள்ளப்படும் ஆபத்தும் இருக்கிறது. ஆகவே, ஆரம்பத்திலேயே இரண்டு அணிகளும் ஒரே வாகனத்தில் போய் ஒரே நாளில் விளையாடும்படி திட்டமிட வேண்டும்.

உதவிக்கு ஆட்களும் இருக்கிறார்கள். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும், மத்திய கிழக்கு நாடுகளிலும் வேலை செய்யும் பழைய மாணவர்கள் அவர்கள். ஒரு கைத்தொலைபேசியைக் கம்பத்தில் கட்டி நேரலை செய்தால், தங்கள் தோட்டத்து முற்றத்தில் தம்பி விளையாடுவதை அவர்கள் பார்ப்பார்கள். முற்றத்தைப் பார்த்தவருக்குப் பந்து வாங்கிக் கொடுக்கவும் தோன்றும்.

டெய்லர் பல்கலைக்கழக மாணவர்கள் பத்தாவது புள்ளி வரை மௌனமாக இருக்கிறார்கள் என்றால், பத்தாவது புள்ளி நிச்சயம் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். நமது தோட்டப் பாடசாலை அணியைச் சுற்றியும் ஒரு மௌனம் இருக்கிறது. அது விருப்பமில்லாத மக்களின் மௌனம் அல்ல, பார்க்க இரண்டாவது போட்டி கிடைக்காத மக்களின் மௌனம். முதலில் அந்த இரண்டாவது போட்டியை ஏற்பாடு செய்வோம்.