சின்னத் துவக்கும் வீட்டில் அடைத்த தோட்டாவும்

"சின்னத் துவக்குத்தானே, இதற்குப் போய் ஏன் பயப்படுகிறாய்?" துவக்கு இருக்கும் வீடுகளில் மனைவிமார் அடிக்கடி கேட்டுப் பழகிய வார்த்தை இது. றொசல்ல, வட்டவளை, ஹற்றன் பக்கங்களில் கடை வைத்துக்கொண்டு ஒரு துண்டு மரக்கறித் தோட்டமும் பார்ப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். பன்றி கிளறுகிறது, முள்ளம்பன்றி கிழங்கைத் தோண்டுகிறது என்று அனுமதி எடுத்து ஒரு துவக்கு வாங்கி வைப்பார்கள். பழைய துரைமார் விட்டுப்போன சிறுவாய்த் துவக்கு கைமாறி வந்த வீடுகளும் உண்டு. பகல் முழுவதும் அந்தத் துவக்கோடும் தோட்டாவோடும் வீட்டில் இருப்பவர்கள் பெண்களும் பிள்ளைகளுமே. ஆகவே இது ஆண்களின் விஷயம் என்று தள்ளிவிடாமல், சகோதரிகளே, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த இலக்கக் கணக்கு. 12 போர், 16 போர், 20 போர், 28 போர் என்கிறார்களே, எண் கூடினால் துவக்கு பெரிதென்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை நேர் எதிரானது. ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால், அதில் ஒன்று சரியாகப் பொருந்தும் குழல்தான் 12 போர். 20 உருண்டைகளாக உருட்டினால் உருண்டை சிறுக்கும், குழலும் சிறுக்கும். 12 போர்க் குழலின் வாய் சுமார் 18.5 மில்லிமீற்றர், 20 போர் 15.6, 28 போர் 14. எல்லாவற்றிலும் சிறியதாக 'நாலு பத்து' என்று ஒன்று உண்டு. அது மட்டும் இந்தக் கணக்கில் சேராது. குழலின் விட்டம் 0.410 அங்குலம், அதாவது சுமார் 10.4 மில்லிமீற்றர் என்பதால் அந்தப் பெயர்.

சிறிய துவக்கு மெதுவாகச் சுடும் என்பதும் தவறான எண்ணம். சன்னம், அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சின்ன ஈயக்குண்டு, எந்தக் குழலிலிருந்து வந்தாலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் பறக்கிறது. மாறுவது எண்ணிக்கை. ஆங்கிலேயக் கணக்கில் 6ஆம் இலக்கச் சன்னம் ஒரு அவுன்சுக்குச் சுமார் 270 நிற்கும். 12 போரின் வழமையான தோட்டாவில் 30 கிராம் ஈயம், சுமார் 285 சன்னம். 20 போரில் 23 கிராம், 220. 28 போரில் 16 கிராம், 150. நாலு பத்தின் சிறிய தோட்டாவில் 12 கிராம் சொச்சம், 120 வரையில்தான். சன்னம் குறைந்தால் அவற்றுக்கிடையே இடைவெளி கூடும். 12 போரால் 35 மீற்றரில் விழும் முயல், நாலு பத்தால் அதே தூரத்தில் சுடப்பட்டால் இரண்டு மூன்று சன்னத்தை வாங்கிக்கொண்டு புதருக்குள் ஓடிச் செத்துக் கிடக்கும். நாலு பத்துக்கு 20, 22 மீற்றருக்குள் நெருங்க வேண்டும். பழக ஏற்றது என்று பையன் கையில் கொடுக்கப்படும் அந்தத் துவக்கு உண்மையில் கைதேர்ந்தவனுக்கே உரியது. உதையும் பாரமும் குறைவாக வேண்டும் என்பவருக்கு 20 போர் நடுத்தரமானது.

முயலைக் கொல்ல முடியாத தூரத்திலும் சன்னம் நின்றுவிடுவதில்லை. 6ஆம் இலக்கச் சன்னம் 200 மீற்றர் வரை போய் விழும். தோலைத் துளைக்காமல் விடலாம், கண்ணை விடாது. நம் மலைகளில் 200 மீற்றர் என்பது என்ன? ஒரு தேயிலை மலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம். காலை மூடுபனியில், இடுப்பளவு தேயிலைக்கு மேல் குனிந்து கொழுந்து பறிக்கும் பெண்ணின் தலை, சுடுபவனுக்கு ஒரு கறுப்புப் புள்ளியாகக்கூடத் தெரியாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

வேலைப்பாடு, மரப்பிடியின் பளபளப்பு எல்லாம் பிறகு. முதலில் பார்க்க வேண்டியது தோட்டா உட்காரும் அறையின் நீளம். பழைய ஆங்கிலத் துவக்குகள் பெரும்பாலும் இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கு, அதாவது 65 மில்லிமீற்றருக்குச் செய்யப்பட்டவை. இன்றைய தோட்டா பெரும்பாலும் 70 மில்லிமீற்றர். இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. தோட்டாவில் அச்சிட்டிருக்கும் நீளம், வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். வாய் மடிந்திருக்கும் புதுத் தோட்டா பழைய அறைக்குள் அழகாகப் பொருந்தும், துவக்கும் மூடும். வெடிக்கும்போது வாய் விரிந்து, குழல் ஒடுங்கும் இடத்துக்குள் நுழைந்து வழியை அடைக்கும். அமுக்கம் ஏறும். "பொருந்துகிறது, ஆகவே சரி" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

அடுத்தது குழலின் இரும்பு. பாம்புத் தோல் போல வரிவரியாக இருக்கும் குழல்கள், இரும்பையும் உருக்கையும் முறுக்கி அடித்துச் செய்தவை. அவற்றில் பெரும்பாலானவை புகை கக்கும் கரிமருந்துக் காலத்தவை. லண்டனிலும் பேர்மிங்ஹாமிலும் உள்ள சோதனைச் சாலைகள் ஒவ்வொரு குழலையும் கூடுதல் மருந்திட்டுச் சுட்டுப் பார்த்து முத்திரை குத்தின. புகையில்லா மருந்துக்குச் சோதித்த முத்திரை குழலில் இல்லையென்றால் அந்தத் துவக்கு சுவரை அலங்கரிக்க மட்டுமே.

ஒரே வீட்டில் 12 போரும் 20 போரும் இருப்பது எல்லாவற்றிலும் மோசம். 20 போர்த் தோட்டாவை மறதியாக 12 போரில் போட்டால் அது வெளியே விழாமல் உள்ளே சறுக்கிப்போய்க் குழல் ஒடுங்கும் இடத்தில் சிக்கிக்கொள்ளும். விசையை இழுத்தால் சத்தமில்லை. திறந்து பார்த்தால் அறை வெறுமை. 'தோட்டா போடவில்லை போலும்' என்று ஒரு 12 போர்த் தோட்டாவைப் போட்டு மறுபடி இழுப்பான். இடது கை பிடித்திருக்கும் இடத்தில் குழல் வெடிக்கும். இதற்காகவே பல உற்பத்தியாளர் 20 போர்த் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். பித்தளைக் கோதில் வீட்டில் அடைத்த தோட்டாவுக்கு ஏது நிறம்?

அடைக்கும் வேலை

சுட்ட தோட்டாவின் கோதை எறியாமல் மறுபடி அடைப்பது புது விஷயமல்ல. கடை தூரமாயிருந்த தோட்டக்காட்டில் துரைமாருக்கு அது மழைக்கால மாலைப் பொழுதுபோக்கு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்றும் பலர் செய்கிறார்கள், அதிலும் சிறுவாய்த் துவக்குக்காரர்களே அதிகம். ஈயமும் மருந்தும் குறைவாக இருந்தாலும், குறைந்த எண்ணிக்கையில் செய்யப்படுவதால் 28 போர், நாலு பத்துத் தோட்டாக்கள் கடையில் 12 போரைவிட விலை கூடிவிடுகின்றன.

வேலை பார்வைக்கு இலேசு. கோதின் அடியில் அடிபட்ட பழைய கேப்பைத் தட்டி எடுத்துப் புதுக் கேப்பை அழுத்த வேண்டும். மருந்தை அளந்து போட வேண்டும். அதன்மேல் அட்டையும் கம்பள அடைப்பும் வைத்து இறுக்கி, சன்னத்தைக் கொட்டி, மேலே மெல்லிய அட்டை வைத்து வாயைச் சுருட்டி மடிக்க வேண்டும். ஒரு சின்ன மரக்கட்டை, ஒரு கைக்கருவி, ஒரு அளவுக் கிண்ணம் போதும்.

அந்தக் கிண்ணம்தான் கையைப் பறிப்பது. கரிமருந்துக் காலத்தில் மருந்தைக் கிண்ணத்தால் அளந்தார்கள். சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் துவக்கு பொறுத்துக்கொண்டது. புகையில்லா மருந்து அதே அளவில் பல மடங்கு பலமுள்ளது. வாப்பாவின் பழைய கிண்ணத்தில் புது மருந்தை நிரப்பினால் துவக்கு சுக்குநூறாகும். ஒரே பெயருள்ள இரு மருந்துகள்கூட ஒன்றல்ல. தயாரித்தவர் அச்சிட்ட அட்டவணையில் குறித்த கோது, குறித்த கேப், குறித்த அடைப்பு, குறித்த ஈயம் என்று எல்லாம் ஒத்திருந்தால்தான் அந்த அளவு செல்லும். நுண்ணிய தராசு இல்லாமல் இதில் கைவைப்பது தற்கொலைக்குச் சமம். சிறுவாயில் ஆபத்து குறைவென்பதும் இங்கேதான் பொய்க்கிறது. 12 போரில் ஒரு சிட்டிகை கூடிப்போனால் அது மொத்த மருந்தில் சிறு பங்கு. நாலு பத்தில் அதே சிட்டிகை பெரும் பங்கு. தீக்குச்சித் தலையைச் சுரண்டிச் சேர்ப்பதும், பட்டாசைப் பிரித்துக் கொட்டுவதும் மருந்து அல்ல. உரசினாலே பற்றும் பொருளை இறுக்கி அடைப்பவன் வெடிகுண்டு செய்கிறான்.

நம் மழையும் சேர்ந்துகொள்கிறது. வட்டவளை, றொசல்லப் பக்கம் இலங்கையிலேயே மிக அதிகமாக மழை கொட்டும் பகுதி. தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் உப்புக்கட்டி கரைகிறது, சப்பாத்து பூஞ்சணம் பிடிக்கிறது. கடதாசிக் கோது ஈரத்தை இழுத்து ஊதி, அறைக்குள் இறுகி வெளியே வராமல் நிற்கும். பித்தளைக் கோதை வெப்பநாட்டில் விரும்பியதற்குக் காரணம் இதுதான். 1960இல் அமெரிக்காவின் ரெமிங்டன் பிளாஸ்டிக் கோதைக் கொண்டுவந்த பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. ஆனால் கையால் மடித்த வாய் வழியே ஈரம் போகத்தான் செய்யும். ஈர மருந்து அரைகுறையாக எரிந்து, சன்னமும் அடைப்பும் பாதிக் குழலில் நின்றுவிடும். 'புஸ்' என்ற சத்தம் கேட்டு, குழலை நோக்காமல் அடுத்ததைப் போட்டால் முன்பு சொன்ன அதே வெடிப்பு. காயவைக்கிறோம் என்று தோட்டாவை அடுப்பங்கரையில் வைக்கும் வீட்டைப் பற்றி நான் என்ன சொல்ல!

நம் நாட்டுச் சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டப்படி அனுமதியில்லாமல் வெடிமருந்து செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். துவக்குக்கு அனுமதிப்பத்திரம் இருப்பதால் மருந்துக்கும் இருக்கிறது என்று ஆகாது.

சமையலறைக்கு வரும் ஈயம்

சன்னத்துக்காகப் பழைய பற்றரியை உடைத்து ஈயம் உருக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அந்தச் சட்டி பிறகு கழுவப்பட்டு அடுப்புக்கு வருகிறது. தயவுசெய்து விடாதீர்கள். ஈயப் புகையும் தூளும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையும் வயிற்றிலுள்ள சிசுவையும் பாதிக்கும். இவ்வளவு வரை பயமில்லை என்று சொல்லத்தக்க ஒரு அளவை உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை.

இறைச்சியிலும் இது உண்டு. சன்னம் எலும்பில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறும். பல்லில் கடிபடும் குண்டை எடுத்துவிட்டோம் என்று திருப்திப்பட முடியாது. புளிப்பு ஈயத்தைக் கரைக்கும். கொறுக்காய்ப்புளியோ வினாகிரியோ போட்டு நேரமெடுத்துச் சமைத்தால் ஈயம் கூடுதலாகக் கறியில் இறங்கும். சன்னம் பட்ட இடத்தைச் சுற்றி தாராளமாக வெட்டி எறிந்த பிறகே சட்டியில் போட வேண்டும். கர்ப்பிணிக்கும் சின்னப் பிள்ளைக்கும் கொடுக்காமலிருப்பது மேல்.

இனி, ஹலாலா என்ற கேள்வி. இறகில்லாத அம்பைப் பற்றி அதீ இப்னு ஹாதிம் (ரலி) கேட்டபோது, முனை துளைத்ததை உண்ணலாம், பக்கவாட்டில் அடிபட்டுச் செத்ததை உண்ணலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. இதை வைத்து ஷாஃபிஈ மத்ஹபு நூல்கள் உருண்டையின் அடியால் செத்த பிராணியை விலக்கின. உயிரோடு கிடைத்து அறுத்தால்தான் ஆகும் என்றன. துவக்குக் குண்டு துளைத்துச் செல்வதால் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டது கூடும் என்று பிற்கால அறிஞர் பலர் சொல்கிறார்கள். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கருத்தை எடுத்தாலும், தூரத்திலிருந்து சிறுவாயால் சுட்டு, புதரில் மறுநாள் செத்துக் கிடந்ததைத் தூக்கி வருவதற்கு அது உதவாது.

இதில் இன்னொரு முரண். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மானும் மரையும் நமது தேசியப் பறவையான காட்டுக்கோழியும் காக்கப்பட்டவை. பயிரைக் காக்கச் சுட இடமுள்ள காட்டுப்பன்றியோ நமக்கு ஆகாதது. அப்படியானால் இறைச்சிக்கென்று சிறுவாய்த் துவக்கு தேடும் முஸ்லிம் வீட்டுக்கு மிஞ்சுவது மிகக் கொஞ்சம். பன்றியை விரட்டவோ நாலு பத்தின் சின்னச் சன்னம் போதாது. காயப்பட்ட பன்றி திரும்பி வரும். அதனால்தான் சிலர் குழாயில் மருந்திட்டுப் பாதையில் கட்டுத்துவக்கு வைக்கிறார்கள். அது பன்றியையும் விறகு பொறுக்கப் போகிறவளையும் பிரித்தறியாது. அது முழுக்கக் குற்றம்.

அனுமதியுள்ள துவக்கை வைத்திருப்பவர்கள் துவக்கை ஒரு பூட்டிலும் தோட்டாவை வேறொரு பூட்டிலும் வையுங்கள். திறப்பு பிள்ளைகள் அறியாத இடத்தில் இருக்கட்டும். 1971இலும் 1987 முதல் 1989 வரையிலும் கிளர்ச்சிக்காரர் வீடு வீடாகத் துவக்குத் தேடியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் துவக்கு உண்டென்று அயலவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் ஆளின் பெயரில் இருக்கிறது, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. கணவர் மௌத்தானால், மற்றச் சொத்தைப் போல அந்தத் துவக்கைப் பங்கு வைக்க முடியாது. இத்தாவில் இருக்கும் பெண் அலைய வேண்டாம். மகனோ சகோதரனோ அனுமதிப்பத்திரத்தோடு பொலிஸ் நிலையத்துக்குப் போய் அறிவித்து, துவக்கை ஒப்படைப்பதா, பெயர் மாற்ற விண்ணப்பிப்பதா என்று கேட்டுவரட்டும். அலுமாரியின் அடியில் பழைய தோட்டாக்கள் அகப்பட்டால் குப்பையோடு எரிக்கவோ ஆற்றில் வீசவோ கூடாது. பச்சை பிடித்த பித்தளைத் தோட்டாவைத் தட்டிப் பார்க்கவும் கூடாது. இருந்த இடத்திலேயே விட்டு, அறையைப் பூட்டி, பொலிசாரை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.