மல்லிப் பேணிக்குள் ஒளித்து வைத்த குளிசை

அந்த அம்மாவின் குசினியில் மூன்று பேணிகள் உண்டு. ஒன்றில் சீனி, மற்றதில் தேயிலை, மூன்றாவதில் கொத்தமல்லி. மல்லிப் பேணியின் அடியில், ஆஸ்பத்திரியில் கொடுத்த கடதாசிப் பையோடு சுற்றி, தனது குளிசைகளை அவர் ஒளித்து வைத்திருந்தார். மருமகளுக்கு அது "பிரஷர் குளிசை". அயலவர்களுக்கு அதுவும் தெரியாது. மாதத்தில் ஒரு நாள் "கச்சேரியில் ஒரு அலுவல்" என்று சொல்லிவிட்டுக் காலை பஸ்ஸில் கிளினிக்குக்குப் போய் வருவார்.

அவருடைய பெயரையும் ஊரையும் இங்கே தவிர்த்துக்கொள்கிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் வைத்து, 19 வயது மகனை விசாரித்துவிட்டு அனுப்புவார்கள் என்ற நம்பிக்கையில் இராணுவத்தினரிடம் கையளித்தவர் அவர். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

நான் முதன்முதலில் அவரைச் சந்தித்தபோது அவருக்கு இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நித்திரை இல்லை. பகலில் அடுப்பு மூட்ட மனம் வராது. வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். மூன்று வருடமாக வெளிநோயாளர் பிரிவுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். தலையிடிக்குப் பனடோல், நெஞ்செரிவுக்கு வேறு குளிசை, சத்துக்கு விற்றமின். எதுவும் சரிவரவில்லை.

எங்கள் பெண்கள் வைத்தியரிடம் போய் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்வதில்லை. "நெஞ்சு அடைக்குது", "உடம்பெல்லாம் எரியுது", "பெருமூச்சாய் வருது", "ஒரே யோசினை" என்றுதான் சொல்வார்கள். போரின் உளத்தாக்கம் பற்றி நீண்டகாலமாக எழுதி வரும் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் எங்கள் சமூகத்தின் துயரம் உடம்பின் வழியாகப் பேசுவதைக் கவனித்துப் பதிந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு காலைப்பொழுதில் நூறு நோயாளரைப் பார்க்கவேண்டிய வைத்தியருக்கு, அந்தப் பெருமூச்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்க நேரம் எங்கே? இந்த அம்மாவின் கதையை ஒரு நாள் ஒரு குடும்பநல உத்தியோகத்தர் இருந்து கேட்டார். அதன் பிறகுதான் உளநலப் பிரிவுக்குக் கடிதம் கிடைத்தது. அங்கே இரத்தம் சோதித்து, தைரொயிட் குறைபாடோ இரத்தச்சோகையோ இல்லை என்று பார்த்த பின்னர், மனச்சோர்வும் பதகளிப்பும் என்று சொல்லிக் குளிசை கொடுத்தார்கள்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "பிள்ளை, இதைப் போட்டால் நான் அவனை மறந்துபோயிடுவனோ?"

என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் நான் இந்தக் குளிசைகளுக்கு எதிரானவள். காணி போய், உழைப்பாளி போய், பிள்ளை போய், கடன்காரன் வாசலில் நிற்கும்போது ஒரு பெண்ணுக்கு மனம் சோர்ந்தால் அது நோயா? ஊரும் உலகமும் செய்த அநியாயத்தை அவளுடைய மூளைக்குள் தள்ளிவிட்டுக் குளிசை கொடுப்பதா? இப்படித்தான் வாதாடினேன். அந்த வாதம் முழுவதும் பிழை என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் எழும்பி நிற்கப் பலமில்லாத ஒருத்தியால் காணிக்காகவும் போராட முடியாது, பிள்ளைக்காகவும் போராட முடியாது என்பதை வேலைக்கு வந்த பிறகுதான் கண்டேன்.

பிறகு எனக்கே அது வந்தது. நாள் முழுக்க மற்றவர்களின் கதைகளைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, ஒரு கட்டத்தில் காலையில் கட்டிலால் எழும்புவது மலையாகிவிட்டது. என் உளமருத்துவர் எழுதிக் கொடுத்த புளுஒக்சற்றின் குளிசையை 14 மாதம் போட்டேன். வேலைத்தலத்தில் ஒருவர், "உளவளத்துணை செய்யிற ஆளுக்கே குளிசை தேவைப்படுதோ?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் நானும் எனது குளிசையைக் கைப்பையின் உட்பைக்குள் வைத்திருந்தேன். ஆகவே மல்லிப் பேணியைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை.

முதல் பத்து நாளும் கஷ்டம். வயிற்றைப் பிரட்டியது, சாப்பாட்டைக் கண்டால் ஓங்காளம். படபடப்புக் குறைவதற்குப் பதிலாகக் கொஞ்சம் கூடியது. "இது எனக்கு ஒத்துவராது" என்று நிறுத்தப் பார்த்தேன். இரண்டு கிழமை பொறுக்கச் சொன்னார் வைத்தியர். நான்காவது கிழமை ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கறிக்கு உப்புக் காணாது என்று தோன்றியது. மாதக்கணக்காக எனக்கு உப்பும் தெரியவில்லை, புளியும் தெரியவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. சந்தோஷம் என்று ஒன்றும் பொங்கி வழியவில்லை. உப்புத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இந்த மருந்துகளைப் பற்றி எங்கள் பெண்களுக்கு யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. அதனால் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன்.

1950களில் சயரோகத்துக்குக் கொடுத்த ஒரு மருந்து, நோயாளரின் மனநிலையையும் உயர்த்துவதை வைத்தியர்கள் கண்டார்கள். அதே காலத்தில் சுவிற்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற மருத்துவர் இமிப்ரமின் என்ற மருந்து மனச்சோர்வைக் குறைப்பதைக் கண்டுபிடித்தார். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் அமிற்றிப்ரிலின். புளுஒக்சற்றின், சேர்ட்ரலின் என்பன பின்னர் வந்தவை. மூளையில் செரற்றோனின் குறைந்துவிட்டது, குளிசை அதை நிரப்புகிறது என்று முன்னர் சொல்வார்கள். விடயம் அவ்வளவு எளிமையானதல்ல என்று இப்போது ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எப்படி வேலை செய்கிறது என்பது முழுமையாகத் தெளிவில்லை. ஆனால் வேலை செய்கிறதா என்பதற்கு ஆதாரம் உண்டு. 2018இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, 21 மருந்துகள் பற்றிய 522 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்குபற்றிய பரிசோதனைகள் அவை. எல்லா மருந்துகளும் வெறும் மாக்குளிசையை விடக் கூடிய பலன் தந்தன என்பதே முடிவு. அந்தப் பலன் மிகப் பெரிதுமல்ல. ஒருத்திக்குப் பொருந்தியது இன்னொருத்திக்குப் பொருந்தாமல் போகலாம். முதலாவது மருந்து சரிவராவிட்டால் வைத்தியர் அளவைக் கூட்டுவார், அல்லது வேறொன்றுக்கு மாற்றுவார்.

பலன் தெரிய இரண்டு தொடக்கம் ஆறு கிழமை செல்லும். பக்கவிளைவு முதல் நாளே வந்துவிடும். மனம் விட்டுப்போவது இந்த இடைவெளியில்தான். அமிற்றிப்ரிலின் வாயை உலரவைக்கும், மலச்சிக்கல் தரும், நித்திரை தூக்கும். அதனால் பெரும்பாலும் இரவில் போடச் சொல்வார்கள். புளுஒக்சற்றின் சிலருக்கு நித்திரையைக் குழப்பும்; அதைக் காலையில் போடலாம். ஒரு நேரம் மறந்துபோனால் அடுத்த முறை இரண்டாகப் போடக்கூடாது. முதல் கிழமைகளில், முக்கியமாக 25 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு, சாகவேண்டும் என்ற எண்ணம் கூடுவதும் உண்டு. அப்படி வந்தால் கிளினிக் நாள் வரும்வரை பார்த்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் பேசலாம். சிலர் இந்தக் குளிசை தொடங்கியதும் நித்திரையே இல்லாமல், அளவுக்கு மிஞ்சிய உற்சாகத்தோடு, ஓயாமல் கதைத்து, காசை வாரி இறைக்கத் தொடங்குவார்கள். "நல்லாய் வந்திட்டுது" என்று வீட்டார் மகிழ்ந்துவிடக்கூடாது. அதையும் உடனே வைத்தியருக்குச் சொல்லவேண்டும்.

அடிமையாகிவிடுவோம் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. இதில் இரண்டு வகையான குளிசைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். டயசிபாம், குளோனசிபாம் போன்ற நித்திரை, பதகளிப்புக் குளிசைகள் நீண்டநாள் எடுத்தால் பழக்கமாகிவிடும். அவற்றைக் குறுகிய காலத்துக்குத்தான் கொடுப்பார்கள். மனச்சோர்வுக் குளிசை அப்படியல்ல. அதற்காக ஏங்கி அலைகின்ற நிலை வராது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலை சுற்றும், எரிச்சல் வரும், தலைக்குள் கரண்ட் அடித்ததுபோல இருக்கும். ஆகவே படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும்.

வன்னிப் பெண்களுக்கு இன்னொன்றையும் சொல்லவேண்டும். உடம்பில் செல்துண்டுகளோடு வாழ்கிறவர்கள் எங்களில் எத்தனைபேர்! நோவுக்கு ட்ரமடோல், புறூபன், டிஸ்பிரின் என்று கைக்குக் கிடைத்ததைப் போடுகிறோம். ட்ரமடோலும் மனச்சோர்வுக் குளிசையும் சேர்ந்தால் நடுக்கமும் காய்ச்சலும் வலிப்பும்கூட வரலாம். புறூபன், டிஸ்பிரின் வகையோடு புளுஒக்சற்றின் சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்புக் கூடும். சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் ஒரு கொப்பி, உளநலக் கிளினிக்கில் இன்னொரு கொப்பி என்று வைத்துக்கொண்டு, ஒன்றை மற்றவருக்குக் காட்டாமல் மறைக்கிறோம். தயவுசெய்து இரண்டு கொப்பியையும் இரண்டு இடத்திலும் காட்டுங்கள். குளிசை ஒளித்துவைக்கும் பழக்கத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அமிற்றிப்ரிலின் அளவுக்கு மிஞ்சினால் இதயத்தையே நிறுத்திவிடக்கூடியது. பேரப்பிள்ளைகள் கைவைக்கும் பேணிக்குள் அது இருக்கவே கூடாது.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் பயத்தில் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். சேர்ட்ரலின் போன்றவை தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. வைத்தியரிடம் கேட்டு முடிவெடுங்கள். இன்னும் ஒரு விடயம் கிளினிக் வரிசையில் யாரும் வாய்திறந்து கேட்கமாட்டார்கள். இந்தக் குளிசைகளில் சில, கணவனோடு சேர்வதில் உள்ள விருப்பத்தைக் குறைத்துவிடும். "நீ முந்தின மாதிரி இல்லை" என்று வீட்டில் சண்டை நடக்கும், மனைவியோ காரணம் தெரியாமல் தன்னையே நொந்துகொள்வாள். இது மருந்தின் விளைவு. அளவை, மருந்தை மாற்றலாம். ஆண் வைத்தியரிடம் கேட்க வெட்கமென்றால் தாதியிடமாவது சொல்லுங்கள்.

கோயிலில் நூல் கட்டுவதையோ, தேவாலயத்தில் செபிப்பதையோ நான் ஒருபோதும் மறுப்பதில்லை. நூலும் கட்டலாம், குளிசையும் போடலாம். ஆனால் "மந்திகைக்குப் போகிற கேஸ்", "தெல்லிப்பளைக் கேஸ்", "அங்கொடை" என்று ஊர்ப்பெயர்களையே வசையாக்கி வைத்திருக்கிறோமே, அதை மட்டும் நிறுத்தவேண்டும். அந்த வசைக்குப் பயந்து எத்தனை பெண்கள் கிளினிக் வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அந்த அம்மாவிடம் வருகிறேன். இரண்டாவது மாதம் அவருக்கு ஐந்து மணித்தியாலம் நித்திரை வந்தது. முற்றம் கூட்டினார், கோழி வாங்கினார். ஒரு பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரி ஏதோ பகிடி சொல்ல, வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அன்றிரவு முழுக்க அழுதிருக்கிறார். "அவன் எங்க கிடந்து என்ன பாடுபடுறானோ, நான் இஞ்ச சிரிச்சுக்கொண்டு இருக்கிறன்" என்று. அடுத்தநாளே குளிசையை நிறுத்திவிட்டார். யாருக்கும் சொல்லவில்லை. ஒரு கிழமைக்குள் தலைசுற்று, இரண்டு மாதத்துக்குள் பழைய நிலை. மகனின் படத்தைத் தூக்கிக்கொண்டு போராட்டக் கொட்டகையில் போய் இருக்கக்கூட இயலவில்லை. படம் சுவரில் கிடந்தது, அவர் பாயில் கிடந்தார்.

அப்போதுதான் அவருடைய பழைய கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது. "அம்மா, குளிசை போட்ட நாளில் அவனை மறந்தீங்களோ?" என்று கேட்டேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "இல்லைப் பிள்ளை. அப்பதான் அவன் சின்னனில செய்த குழப்படியெல்லாம் ஞாபகம் வந்தது. அதுக்கு முதல் அந்தக் கடைசி நாள் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது" என்றார்.

திரும்பவும் தொடங்கினார். மருமகளுக்கு உண்மையைச் சொல்லச் சொன்னேன். சொன்னார். மருமகள் திட்டுவாள் என்றுதான் நாங்கள் இருவரும் எதிர்பார்த்தோம். அவளோ, "பிரஷர் கூடினா ஏன் உப்பைக் குறைக்கயில்லை எண்டு நான் அப்பவே யோசிச்சனான்" என்றாளாம். இப்போது குளிசைகள் அலுமாரியில், பூட்டுக்குள். திறப்பு மருமகளிடம். 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, பலர் இருந்த குளிசையைப் பாதியாக உடைத்து நாளை நீட்டினார்கள். இந்த வீட்டில் மருமகள்தான் ஒரு கிழமைக்கு முன்னரே கிளினிக்குக்குப் போய் நிலைமையைச் சொல்லி, என்ன செய்வதென்று கேட்டு வந்தவள்.

குளிசை அவருடைய மகனைக் கொண்டுவந்து தரவில்லை. காணாமல்போனோர் அலுவலகத்தில் கொடுத்த விண்ணப்பத்துக்குப் பதிலும் வாங்கித் தரவில்லை. நுண்கடன் தவணையையும் அது கட்டாது. இவற்றுக்கெல்லாம் வேறு கதவுகளைத்தான் தட்டவேண்டும். தட்டப் போவதற்கு அவருக்கு இப்போது கால் இருக்கிறது.

குணமான பின்னரும் குறைந்தது ஆறு மாதம், பல வேளைகளில் 9 தொடக்கம் 12 மாதம் மருந்தைத் தொடரச் சொல்வார்கள். திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு இன்னும் நீளும். இந்த அம்மா பல வருடமாகப் போடுகிறார். கடந்த மாசி மாதம் வைத்தியர், "நல்லாய் இருக்கிறீங்கள், மெல்ல மெல்லக் குறைச்சுப் பாப்பமோ?" என்று கேட்டிருக்கிறார். அம்மா கொப்பியைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "மே மாதம் முடியட்டும் டொக்டர்" என்றாராம். வைத்தியர் ஏன் என்று கேட்கவில்லை. கொப்பியில் ஜூன் என்று எழுதிக் கொடுத்தார்.