பங்குக் கிணறு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் நீர் பெருகும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் பருவமழையே அந்நிலத்தின் பெருஞ்செல்வம். அம்மழைநீர் சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அதனைப் பெறுவதற்கு உழவன் பாறையையே வெட்ட வேண்டியிருந்தது.

பாறையை வெட்டுதல் ஒரு குடும்பத்தின் கைக்கு அடங்கும் காரியமன்று. ஆதலின் பலர் கூடி வெட்டினர்; வெட்டிய கிணற்றைப் பங்கிட்டு, முறைவைத்து இறைத்தனர். காணி உறுதிகளிலே நிலத்தின் பரப்போடு, கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் சேர்த்து எழுதப்படும் வழக்கம் இன்றும் உண்டு. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையும், பொதுக்காணியிலே தன் பங்கை விற்க விரும்புபவன் அதனை முதலிற் பங்காளிகளுக்கு அறிவித்தல் வேண்டும் என விதித்தது. நீரைப் பகிர்ந்து வாழ்வோருக்குப் பங்காளி யார் என்பது சிறிய விடயமன்று.

இறைப்பும் தனியொருவர் தொழிலன்று. ஆடுகாலிற் கிடந்த துலாவின்மேல் ஒருவர் முன்னும் பின்னுமாக நடப்பார். ஒருவர் பட்டையைப் பிடித்து நீரை ஊற்றுவார். மற்றொருவர் வாய்க்கால்வழி வரும் நீரைப் பாத்திக்குப் பாத்தி மாறிவிடுவார். ஒருவர் முறை பிழைத்தால் அயலவரின் புகையிலையும் வெங்காயமும் வாடும். காலால் மிதித்துக் கையால் இறைத்த நீரை எவரும் வீணே ஓடவிடார். உழைப்பின் கடுமையே அவர்களுக்கு அளவைக் கற்பித்தது. குழை தாழ்த்தும் மாட்டுப்பட்டி அடைத்தும் செம்பாட்டு மண்ணை வளம்படுத்திய பொறுமையும் அவ்வாறு வந்ததே.

எனினும், இக்கூட்டுவாழ்வின் மறுபக்கத்தை மறைத்தல் தகாது. அதே ஊர்களில் உழைத்த மக்களுள் ஒரு பகுதியினர், சாதியின் பெயரால் கிணற்றை அணுகவிடாது தடுக்கப்பட்டனர். பிறர் ஊற்றும்வரை குடத்தோடு காத்துநின்றனர். அத்தகைய விலக்குகளைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரும், அவர்கள் தம் உரிமைக்காகப் போராட நேர்ந்தது. பாறையோடு நடந்த போராட்டத்தினும் மனிதர் மனத்தோடு நடந்த இப்போராட்டமே கடினமானது.

1950களிலும் 1960களிலும் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரங்கள் ஊர்தோறும் பரவின. உழவனின் கால்நோவு தீர்ந்தது, அது நன்மையே. ஆனால் நோவு கற்பித்த அளவும் அதனோடு அகன்றது. மிகையாக இறைத்த இடங்களில் உவர்நீர் மேலெழுந்தது. மிகையாக இட்ட உரத்தின் நைத்திரேற்று குடிநீரிற் கலந்தது.

மீண்டும் துலா மிதிக்குமாறு எவரையும் கேட்டல் நேர்மையன்று. முன்னோர் பாடுபட்டுக் கண்ட முறையையே காத்தல் வேண்டும். கிணறுகள் பலவாயினும் பாறைக்கடியில் நீர் பொதுவானதே. ஒருவர் மிகையாக இறைப்பது அயலவரின் பங்கிலிருந்தேயாகும். முன்னர் ஒரு கிணற்றின் பங்காளிகள் கூடி முறைவைத்தனர். இனி, ஒருவரையும் விலக்காது, ஊர் முழுவதும் கூடி முறைவைத்தல் வேண்டும்.