எல்லைக் கிராம மாணவர்களுக்கு நான்காவது மொழியாகக் கணினி

புது தில்லி: கணினி நிரல் எழுதக் கற்கும் கல்லூரி மாணவர்களை வாட்டும் அச்சம் எந்த ஒரு மாநிலத்துக்கும் உரியதன்று. ஆயினும், கேரளத்தின் தென் எல்லையில் பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அது இரட்டைச் சுமையாகிறது.

1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் மொழிவாரியாகச் சீரமைக்கப்பட்டபோது அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நீடித்தது. வீட்டில் தமிழ், ஊரில் மலையாளம், கல்லூரியில் ஆங்கிலம் என வளரும் மாணவர், நான்காவதாகக் கணினி மொழியைச் சந்திக்கிறார்.

1989-ல் தரப்படுத்தப்பட்ட 'சி' மொழியின் அடிப்படைச் சொற்கள் 32 மட்டுமே. அவற்றை மனனம் செய்வது கடினமன்று. அச்சம் தொடங்குவது பிழைச் செய்தியில்தான். ஓர் அரைப்புள்ளி விடுபட்டால், கணினி பெரும்பாலும் அடுத்த வரியையே குற்றம்சாட்டும். தவறு எங்கே என்று புரியாத மாணவர், தமக்கு அறிவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். ஆங்கிலத்தில் ஐயம் கேட்கத் தயங்குபவர் மௌனமாகிறார். 1990-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய டெக்னோபார்க் அருகிலேயே இருப்பதால், ஒரு பாடத்தில் தோற்பது வேலைவாய்ப்பையே இழப்பதுபோலத் தோன்றுகிறது.

மொழிச் சிறுபான்மையினருக்குத் தாய்மொழிக் கல்வி வசதி அளிக்கக் கோரும் 350-ஏ பிரிவும் 1956-ல்தான் அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆனால், அது தொடக்கக் கல்வியோடு நின்றுவிடுகிறது. தமிழ், மலையாளம் உள்ளிட்ட 8 மாநில மொழிகளில் பொறியியல் கற்பிக்க 2021-ல் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு இசைவளித்தது. மலையாளத்தில் கற்பித்தாலும், கேரளத்திலுள்ள தமிழ் மாணவருக்கு அது தாய்மொழியாகாது.

உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் தற்கொலைகளைத் தடுக்கும் வழிகளை ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அமைத்தது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவை 2022 முதல் இயங்குகிறது.

எனினும், அச்சம் முளைக்கும் இடம் ஆய்வுக்கூடம். அங்கே பிழைச் செய்தியைத் தாய்மொழியில் விளக்க மூத்த மாணவர் ஒருவரை அமர்த்தப் பெருஞ்செலவு ஆகாது. பிழை என்பது தோல்வியன்று, நிரல் எழுதுவோர் அனைவரும் அன்றாடம் காண்பதே என்று முதல் வாரத்திலேயே ஆசிரியர் உணர்த்தினால், பாதி அச்சம் அகலும்.