மூன்று மார்க்கில் தவறிய ரேடியோப் பையன்

அமெரிக்காவிலுள்ள கான்ஸாஸ் மாகாணம் கோதுமை விளையும் பெருஞ்சமவெளி. அங்கே கிரேட் பெண்ட் என்னும் ஊரில் ஜாக் கில்பி என்ற சிறுவன் வளர்ந்து வந்தான். தந்தையார் ஒரு மின்சாரக் கம்பெனியை நடத்தி வந்தார். பையன் பள்ளியில் படிக்குங்காலத்தில் கடும் பனிப்புயலொன்று டெலிபோன் கம்பிகளையும் மின்கம்பிகளையும் ஒருங்கே வீழ்த்திவிட்டது. எந்த ஊரில் விளக்கு அணைந்ததென்று அறியவும் வழியில்லை. அப்பொழுது தந்தையார் நாடியது, பொழுதுபோக்காக வீட்டில் வானொலிக் கருவி அமைத்துப் பேசிவந்த அமெச்சூர்களை. விளையாட்டுச் சாமானென்று பிறர் எண்ணியிருந்த பெட்டி, இருளில் தவித்தோரின் செய்தியைக் கொண்டுவந்ததைப் பையன் கண்டான். பின்னர்த் தானும் உரிமம் பெற்று அமெச்சூரானான்; எஞ்சினீயராவதென்று உறுதி பூண்டான்.

பரீட்சையோ வேறு விதமாக முடிந்தது. 1941-ல் எம்.ஐ.டி. கலாசாலையின் நுழைவுத் தேர்வில் 500 மார்க்கு வேண்டியிருக்க, அவன் பெற்றது 497. நம்மவர் வீடாயிருப்பின் அன்று அடுப்பு எரிந்திராது! கில்பி இல்லினாய் சர்வகலாசாலையில் சேர்ந்தார். இடையே யுத்தம் வரவே, பட்டாளத்தில் ரேடியோ பழுதுபார்ப்பவராக நம் நாட்டின் வடகிழக்கில், ஒரு தேயிலைத் தோட்டத்து முகாமில் பணிபுரிந்தார். 1947-ல் பட்டம் பெற்றார்.

ரேடியோவைத் தன் கையால் கட்டும் பையனுக்குப் புத்தகத்தில் அகப்படாத அறிவொன்று கிட்டுகிறது. படத்தில் வெறும் கோடாக இருப்பது, மேஜைமேல் ஈயம் வைத்துப் பற்றவைத்த மூட்டு. ஒரு மூட்டு பிசகினாலும் செட்டு ஊமையாகிவிடும். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். 1950-களில் எஞ்சினீயர் உலகத்தையே வருத்திய தொல்லையும் இதுதான். கணிப்பொறி போன்ற யந்திரங்களில் டிரான்ஸிஸ்டர், ரெஸிஸ்டர், கண்டென்ஸர் என ஆயிரமாயிரம் உறுப்புகளைக் கையால் இணைத்தாக வேண்டும். யந்திரம் பெரிதாகப் பெரிதாகப் பழுதும் பெருகிற்று. மூட்டுகளோடு மல்லாடிய கைகளுக்கே இத்தொல்லையின் முழு அருமை தெரியும் என்பது என் எண்ணம்.

1958-ல் கில்பி டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தார். ஜூலையில் மற்றவர்கள் கோடை விடுமுறையில் சென்றுவிட, புதியவராதலால் லீவு சேராத அவர் (ரயில்வேக்காரர்களுக்கு இது புதிதன்று) ஆய்வுக்கூடத்தில் தனித்திருந்தார். உறுப்புகளைத் தனித்தனியே செய்து பிறகு இணைப்பானேன்? ஒரே பொருளில், ஒரே துண்டில் யாவற்றையும் அமைத்தால் என்ன? செப்டம்பர் 12-ஆம் தேதி, ஜெர்மேனியத் துண்டொன்றில் அவர் அமைத்த சர்க்யூட் மேலதிகாரிகளின் முன் இயங்கியது. மறு ஆண்டு ராபர்ட் நாய்ஸ் என்பவர், ஸிலிக்கன் துண்டின் மேலேயே இணைப்புகளையும் பதிக்கும் வழியைத் தனியே கண்டார். இன்று நம் கைப்பேசியிலும் டிக்கெட்டுக் கவுண்டரிலும் உள்ள சில்லுகள் இவ்விருவர் வழிவந்தவை. 2000-ல் கில்பிக்குப் பௌதிக நோபல் பரிசில் பாதி கிடைத்தது.

சிறு குடித்தனங்களில் வாழும் நம் குடும்பங்களில், மேஜைமேல் கம்பியும் ஈயமுமாகப் பையன் உட்கார்ந்தால் (பெண் உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம்), நுழைவுத் தேர்வைச் சொல்லி அனைத்தையும் மூட்டை கட்டிவிடுகிறோம். மும்பையில் லாமிங்டன் ரோடு, தில்லியில் லஜபத்ராய் மார்க்கெட், கொல்கத்தாவில் சாந்தினி சௌக் ஆகிய இடங்களில் இச்சாமான்கள் கிடைக்கும். ஞாயிறு பிற்பகலையாவது விட்டுக்கொடுங்கள். மத்திய அலை நிலையங்கள் பல ஓய்ந்துவிட்டபடியால், முதலில் ஒரு எப்.எம். செட்டே கட்டட்டும். சுவர்ப் பிளக்கில் கைவைக்காமல் 9 வோல்ட் பாட்டரியோடு நிற்கட்டும். பற்றவைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்தப் புகை குழந்தைகளுக்கு ஆகாது.